உப்பும் சீனியும் நீரும்



நோய்களுக்குள்ளும் உயர்வு தாழ்வு உண்டு போலும். ஒருவருக்கு இருதய நோய் என்று கேள்விப்பட்டால் ஊரே திரண்டு பார்க்கச் செல்லும். வயிற்றோட்டம் என்றால் எவரும் செல்வதில்லை. நோயாளியே அதனை வெளியிற் சொல்ல நாணுகின்றார். "நேற்றைய சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்ற ஒரு வாக்கியத்தோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால், வரலாற்றைக் கூர்ந்து படிப்பவருக்கு ஓருண்மை புலப்படும். பீரங்கிக்கு அஞ்சாத படைகளையும், செல்வம் கொழித்த நகரங்களையும், தொட்டிலிற் கிடந்த எண்ணிறந்த குழந்தைகளையும் வீழ்த்தியது இந்தச் சிறுமைப்பட்ட நோயே.

1980ஆம் ஆண்டளவில், உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் ஏறத்தாழ 46 இலட்சம் பேர் ஆண்டுதோறும் வயிற்றோட்டத்தால் இறந்தனர் என மதிப்பிடப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் அண்மைய மதிப்பீட்டின்படி அத்தொகை ஏறத்தாழ நாலரை இலட்சம். இன்றும் அது பெருந்தொகையே. எனினும், பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது எவ்வாறு? நல்ல குடிநீர், மலசலகூட வசதி, போசாக்கு, தடுப்பு மருந்து ஆகியன துணைநின்றன. அவற்றோடு ஒரு மருந்தும் துணைநின்றது. அம்மருந்து உங்கள் அடுக்களையில் இருக்கிறது. உப்பு, சீனி, நீர் என்ற மூன்றே அதன் சரக்குகள். இவ்வளவு எளிய மருந்தை மனிதகுலம் கண்டடைவதற்கும், கண்டதை ஏற்பதற்கும் ஏறத்தாழ 140 ஆண்டுகள் சென்றன. அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகின்றேன்.

எங்கள் வீட்டில் நான் சிறுவனாக இருந்த காலத்தில், வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்கு முதல் நாள் தண்ணீர் காட்டக்கூடாது என்பது பாட்டியாரின் கட்டளை. "லங்கணம் பரம ஒளடதம்" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் வாக்கு. உண்ணாதிருத்தலே சிறந்த மருந்து என்பது அதன் பொருள். மிகையாக உண்டு செரியாமல் அவதியுறுபவருக்கு அது நல்ல அறிவுரையே. ஆனால், உடம்பிலுள்ள நீரெல்லாம் வெளியேறிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அதே அறிவுரை நஞ்சாகிவிடும். பாட்டியார் அன்பில்லாதவர் அல்லர். உள்ளே செல்லும் நீர்தான் வெளியே வருகின்றது, ஆகையால் உள்ளே விடுவதை நிறுத்தினால் வெளியேறுவதும் நிற்கும் என்று அவர் எண்ணினார். கண்ணுக்குத் தோன்றுவது அதுவே. நேயர்களே, பாட்டியாரைக் குறைகூற வேண்டா. ஐரோப்பாவின் பெரிய மருத்துவ கலாசாலைகளிற் பயின்றோரும் நெடுங்காலம் இதே மயக்கத்தில் இருந்தனர்.

இந்த மயக்கம் தீரவேண்டுமாயின் நம் குடலில் நாள்தோறும் நடப்பதைச் சற்று அறிதல் வேண்டும். நாம் ஒரு நாளில் உண்பதாலும் பருகுவதாலும் உட்செல்லும் நீர் ஏறத்தாழ 2 லீற்றர். ஆனால், குடலுக்குள் வந்து சேரும் நீரோ ஏறத்தாழ 9 லீற்றர். எஞ்சிய 7 லீற்றரும் உமிழ்நீராகவும், இரைப்பைச் சாறாகவும், பித்தமாகவும், சதையச் சாறாகவும், குடற்சாறாகவும் நம் உடம்பே உள்ளே சுரப்பது. இவ்வளவையும் குடல் மீண்டும் உறிஞ்சி இரத்தத்திற்கு அனுப்பிவிடுகின்றது. மலத்தோடு வெளியேறுவது ஒரு கோப்பை அளவுகூட இல்லை. குளத்து நீரை வயலுக்கு விட்டு, வடிந்ததைத் திரும்பவும் குளத்திலேயே சேர்க்கும் கமக்காரனைப் போன்றது குடல். நோய்க்கிருமி அந்த ஒழுங்கைக் குலைக்கும்போது, சுரக்கும் நீர் பெருகுகின்றது. உறிஞ்சப்படும் நீர் குறைகின்றது. அப்பொழுது வெளியேறுவது நாம் குடித்த நீர் மட்டுமன்று. நம் இரத்தத்தின் நீரும் அதிலுள்ள உப்புமே. கடுமையான கொலரா நோயில் ஒரு மணித்தியாலத்திற்கு ஒரு லீற்றர் வரையும் இவ்வாறு போய்விடும். தண்ணீர் கொடுக்காது விட்டால் ஓட்டம் நிற்பதில்லை, உயிரே நின்றுவிடுகின்றது.

இனி வரலாற்றுக்கு வருவோம். வாந்திபேதி என நம்மவர் அஞ்சிய கொலரா, வங்காளத்தில் நெடுங்காலம் இருந்துவந்த நோய். 1817இல் அது யசோர் என்னும் ஊரிற் பெருகி, அங்கிருந்து இந்தியா முழுவதும் பரவியது. 1818ஆம் ஆண்டின் இறுதியில் நம் இலங்கையையும் வந்தடைந்தது. அந்நூற்றாண்டு முழுவதும் யாழ்ப்பாணக் குடாநாடு மீண்டும் மீண்டும் இந்நோயால் தாக்கப்பட்டது. காலையில் வயலுக்குச் சென்றவர் மாலையிற் பிணமாவார். எடுத்துச் செல்ல ஆளின்றி வீடுகள் அடைபட்டுக் கிடக்கும். தெய்வத்தின் சினம் என்று நேர்த்தி வைப்பதன்றி மக்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

அக்காலத்திலேதான், 1847இல், அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் மருத்துவர் யாழ்ப்பாணம் வந்தார். பின்னர் மானிப்பாயில் இருந்து பணிசெய்தார். உடற்கூற்று நூல்களையும் சத்திரசிகிச்சை நூல்களையும் தமிழிற் பெயர்ப்பித்து அச்சேற்றி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை அவர் உருவாக்கினார். பிறமொழி அறிவு நம் மக்களின் வீட்டு வாயிலை அடைய வேண்டுமாயின் அது நம் மக்களின் மொழியில் வரவேண்டும் என்பது அவர் கொள்கை. இந்தக் கொள்கையை மறவாதிருங்கள். பேச்சின் பிற்பகுதியில் இது மீண்டும் வரும். ஆனால், கொலராவைத் தீர்க்கும் வழி அந்நாளில் மேலைநாட்டு மருத்துவத்தின் கையிலும் இருக்கவில்லை.

மேலைநாட்டில் அப்போது நிகழ்ந்தது என்ன? 1831இல் கொலரா இங்கிலாந்தின் சண்டலன்ட் துறைமுகத்தில் இறங்கியது. அந்நாள் மருத்துவர்கள் நோயாளியின் இரத்தத்தைக் கீறி வடித்தனர். பாதரசம் சேர்ந்த மருந்தைக் கொடுத்தனர். பேதியால் வாடுபவனுக்கு மேலும் பேதி மருந்து கொடுத்தாரும் உளர். நீரிழந்தவனை மேலும் நீரிழக்கச் செய்வதே சிகிச்சையாயிருந்தது. எடின்பரோவிற் கல்வி முடித்து இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த வில்லியம் புறூக் ஓஷோனசி என்னும் அயர்லாந்து இளைஞர் சண்டலன்டுக்குச் சென்று, நோயாளிகளின் இரத்தத்தை இரசாயனப் பரிசோதனை செய்தார். அதில் நீரும் உப்பும் காரமும் குறைந்திருப்பதைக் கண்டார். இழந்ததைத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும் என்று அவர் எழுதினார். பிற்காலத்தில் இந்தியாவில் தந்திச் சேவையை நிறுவியவர் என்று சரித்திர மாணவர் அறிந்தவரும் இவரே.

அவர் எழுதியதைப் படித்தவருள் ஒருவர், ஸ்கொத்லாந்தின் லீத் என்ற ஊரில் வைத்தியராயிருந்த தோமஸ் லாற்றா. 1832ஆம் ஆண்டு மே மாதத்தில், எல்லாச் சிகிச்சையும் கைவிடப்பட்டு இறுதிமூச்சில் இருந்த ஒரு முதியவளின் நாளத்திலே அவர் உப்புக் கரைத்த நீரைச் சிறிது சிறிதாகச் செலுத்தினார். முதலில் ஒரு மாற்றமும் இல்லை. பின்னர் அவளுடைய மூச்சுச் சீராகியது; குழிவிழுந்த கண் ஒளிபெற்றது; குளிர்ந்த உடம்பு சூடேறியது. அரைமணி நேரத்தில் ஏறத்தாழ மூன்றரை லீற்றர் நீர் உட்சென்றது. ஆபத்து நீங்கியதென எண்ணி லாற்றா அவளை மற்றொருவர் பொறுப்பில் விட்டுச் சென்றார். வயிற்றோட்டம் மீண்டது. நீர் மீண்டும் செலுத்தப்படவில்லை. சில மணிநேரத்துள் அவள் இறந்தாள். இழப்பு நிற்கும்வரை ஈடு செய்தலும் நிற்கக்கூடாது என்பதே அந்த மரணம் புகட்டிய பாடம். லாற்றாவும் அடுத்த ஆண்டிலேயே காலமானார். கொதிக்க வைக்காத நீரும் தூய்மையற்ற ஊசியும் வேறு கேடுகளை விளைத்தமையால், அவர் கண்ட முறை கைவிடப்பட்டது, பின்னர் மறக்கப்பட்டது.

நோய் எங்கிருந்து வருகின்றது என்ற வினாவுக்கு விடை பின்னரே கிடைத்தது. கெட்ட காற்றினால் வருகின்றது என்பதே அந்நாள் நம்பிக்கை. லண்டன் மாநகரின் மருத்துவர் ஜோன் சினோ, அது குடிநீரால் வருவதென வாதிட்டார். 1854இல் புறோட் வீதியைச் சூழ்ந்த வீடுகளில் மரணம் பெருகியபோது, இறந்தோர் பெரும்பாலும் ஒரே குழாய்க்கிணற்றின் நீரைக் குடித்தவர்கள் என்று வீடுவீடாக விசாரித்துக் காட்டினார். செப்டெம்பர் 8ஆம் நாள் அக்கிணற்றின் கைபிடி கழற்றப்பட்டது. அதே ஆண்டில் இத்தாலியில் பிலிப்போ பச்சினி நோய்க்கிருமியைக் கண்டார். அதனைப் பொருட்படுத்தியவர் இலர். முப்பது ஆண்டுகளின் பின், 1884இல், ஜெர்மனியரான றொபேட் கொக் கல்கத்தாவுக்கு வந்து ஆராய்ந்து அக்கிருமியை உலகறியச் செய்தார். காரணம் தெரிந்துவிட்டது. காரணம் தெரிந்தது போல மருந்து தெரியவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கல்கத்தாவிலே சேர் லியோனாட் றொஜர்ஸ் என்பவர் லாற்றாவின் வழியைப் புதுப்பித்து, உப்புநீரை நாளத்தில் ஏற்றினார். நூற்றுக்கு அறுபது வீதமாயிருந்த மரணம் ஏறத்தாழ முப்பது வீதத்துக்குக் குறைந்தது. இன்று நாம் 'சேலைன் ஏற்றுதல்' என்று சொல்வதன் முன்னோடி அதுவே. ஆனால், அதற்கு வைத்தியசாலை வேண்டும், தூய நீர் வேண்டும், ஊசி வேண்டும், பயின்ற கை வேண்டும். கொலராவோ வைத்தியசாலையில்லாத ஊரையே தேடிச் செல்லும்.

வாயினாலேயே கொடுத்தால் என்ன என்ற கேள்வி எழாமலில்லை. உப்புநீரை மட்டும் குடிக்கக் கொடுத்துப் பார்த்தனர். குடல் அதனை ஏற்கவில்லை. 1953இல் கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி, உப்போடு குளுக்கோசும் சேர்த்த நீரை வாய்வழி கொடுத்து, கடுமை குறைந்த கொலரா நோயாளர் 186 பேரைக் குணப்படுத்தியதாக எழுதினார். அவர் கட்டுரை லண்டனின் பெயர்பெற்ற மருத்துவ இதழிலே வெளிவந்தது. ஆயினும், ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு தொகுதி நோயாளர் இல்லை. உட்சென்ற நீரும் வெளியேறிய நீரும் அளக்கப்படவில்லை. ஆகவே மருத்துவ உலகம் அதைக் கவனியாது கடந்து சென்றது. உண்மை ஒருவர் கையிலிருந்து நழுவியது இது இரண்டாம் முறை.

அந்த உண்மைக்கு விளக்கம் பின்னரே வந்தது. 1959இல் கல்கத்தாவின் சம்புநாத் டே, கொலராக் கிருமி வெளியிடும் நஞ்சே குடலைப் பெருமளவில் நீர் சுரக்கச் செய்கின்றது என்று நிறுவினார். 1960இல் பிராக் நகரிற் கூடிய மாநாடொன்றில் றொபேட் கிறேன் என்னும் அமெரிக்க விஞ்ஞானி மற்றொரு செய்தியை வெளியிட்டார். குடற்சுவரில் ஒரு வாயில் உண்டு. அது குளுக்கோசும் சோடியமும் சேர்ந்து வந்தாலே திறக்கும். அவை உட்செல்லும்போது நீரும் உடன் செல்லும் என்றார். இரண்டு சாவிகளாலே திறக்கும் பெட்டகம் போன்றது அந்த வாயில். உப்பு ஒரு சாவி. சீனியிலுள்ள குளுக்கோசு மறு சாவி. கொலரா நஞ்சு ஏனைய வழிகளை அடைத்தாலும் இந்த வாயிலை அடைக்க முடிவதில்லை. சட்டர்ஜியின் நோயாளர் பிழைத்தது இதனாலேயே.

1968இல், டாக்கா நகரின் கொலரா ஆய்வுகூடத்தில் டேவிட் நலின், றிச்சட் காஷ் என்னும் இரு இளம் அமெரிக்க மருத்துவர்கள், வங்காள மருத்துவர்களான ரபிக்குல் இஸ்லாம், மஜீத் மொல்லா ஆகியோரோடு சேர்ந்து, உட்செல்வதையும் வெளியேறுவதையும் துல்லியமாக அளந்து, வாய்வழிக் கரைசலின் பயனை நிலைநாட்டினர். நாளத்தில் ஏற்றவேண்டிய நீர் ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. கல்கத்தாவிலும் இத்தகைய ஆய்வுகள் நடந்தன. எனினும், மருத்துவரின் கண்காணிப்பிலன்றி இதைக் கொடுக்கலாகாது என்பதே பலருடைய கருத்தாயிற்று. படிப்பறியாத தாயொருத்தி தன் கையாற் கொடுப்பதா என்று ஐயுற்றனர்.

அந்த ஐயத்தைத் தீர்த்தது ஒரு பேரவலம். 1971இல் கிழக்குப் பாகிஸ்தானில் போர் மூண்டபோது, ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லை கடந்து இந்தியாவுக்கு ஓடிவந்தனர். மழைக்காலம். முகாம்களிற் கொலரா பரவியது. எல்லையோர ஊராகிய பங்காவோன் வைத்தியசாலையில் 16 கட்டில்களைக் கொண்ட இரண்டு அறைகள். நோயாளரோ நூற்றுக்கணக்கில் நிலத்திலே கிடந்தனர். கல்கத்தாவிலிருந்து சென்ற மருத்துவர் திலிப் மகாலனாபிஸ், கழிவின்மேல் முழந்தாளிட்டே நோயாளிக்குச் சேலைன் ஏற்ற வேண்டியிருந்தது. சேலைன் இருப்பும் தீர்ந்துகொண்டிருந்தது. அப்போது அவர் ஒரு முடிவு செய்தார். ஆய்வுகூடத்து நூலக அறையிலே உப்பு, குளுக்கோசு, அப்பச் சோடா மூன்றையும் நிறுத்துப் பைகளில் இட்டு, சூடான இரும்பால் வாய் ஒட்டி முகாமுக்குக் கொண்டுவரச் செய்தார். பெரிய பீப்பாய்களில் அது கரைக்கப்பட்டது. கோப்பையால் அள்ளிக் கொடுத்தவர்கள் தாதியர் அல்லர். நோயாளிகளின் தாயும் தந்தையும் உடன்பிறந்தோருமே. முன்னர் நூற்றுக்கு முப்பது வீதமாயிருந்த மரணம் நான்கு வீதத்துக்குட் குறைந்தது. நோயாளர் தொகை 3,700க்கு மேல். ஒரு லீற்றர் கரைசலுக்கான சரக்கின் விலை அமெரிக்க நாணயத்திற் பதினொரு சதமே.

இதை அவர் எழுதி அனுப்பியபோதும் எளிதில் ஏற்பார் இல்லை. 1973இலேதான் கட்டுரை அச்சேறியது. 1978இல் உலக சுகாதார நிறுவனம் வாய்வழிக் கரைசலை முதன்மையாகக் கொண்டு வயிற்றோட்டக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடக்கியது. முன்னர் சட்டர்ஜியின் கட்டுரையை வெளியிட்ட அதே லண்டன் இதழ், இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது அமையக்கூடும் என அவ்வாண்டில் எழுதியது. மகாலனாபிஸ் 2022ஆம் ஆண்டு ஒக்ரோபரிற் காலமானார். அடுத்த ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மவிபூஷண் விருதை அறிவித்தபோது அதைப் பெற அவர் இல்லை.

மருந்து கண்டுபிடிக்கப்பட்ட நாள் வேறு. அது தாயின் கையை அடைந்த நாள் வேறு. இரண்டாவது நாளை உண்டாக்கியவர்கள் வங்காளதேசத்துப் பெண்கள். 1980 முதல் 1990 வரை 'பிராக்' என்னும் தொண்டு நிறுவனத்தின் பெண் ஊழியர் வீடுவீடாகச் சென்று, ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட இல்லங்களில் இக்கரைசலைச் செய்யும் முறையைக் கற்பித்தனர். அளவுகோல் எதுவும் இல்லை. மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, கைப்பிடி அளவு வெல்லம், அரை லீற்றர் நீர், இவ்வளவே. பாடம் பத்துக் குறிப்புகளாகச் சுருக்கப்பட்டது. இன்னொரு நுட்பமும் அதில் இருந்தது. ஊழியரின் சம்பளம் அவர் எத்தனை வீட்டுக்குப் போனார் என்பதைக் கொண்டு கொடுக்கப்படவில்லை. சில வாரங்களின் பின் வேறொருவர் சென்று தாயைக் கேட்பார். அவள் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாளோ, எவ்வளவு சரியாகக் கரைத்துக் காட்டுகிறாளோ அதற்கேற்பவே சம்பளம். நேயர்களே, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியத் தொழிலில் இருப்பவன் நான். கற்பித்தலுக்கு இதனினும் நேர்மையான அளவுகோலை நான் அறியேன். மானிப்பாயிலே கிறீன் கொண்ட கொள்கையின் நிறைவு இதுவன்றோ? மக்களின் மொழியில், மக்களின் கைவிரலே அளவாக, அறிவு வந்து சேர்ந்தது.

இப்பாடத்தை நான் ஏட்டிற் கற்கவில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில், வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, இளம் ஆசிரியனாயிருந்த நானும் ஒரு பாடசாலைக் கட்டடத்திலே பல குடும்பங்களோடு தங்கியிருந்தேன். மாரி மழை தொடங்கியிருந்தது. ஒரு கிணறு, பல நூறு பேர். மூன்றாம் நாள், பத்து மாதக் குழந்தையொன்றுக்கு வயிற்றோட்டம் கண்டது. மாலையில் அதன் கண்கள் குழிவிழுந்தன. அழுதாலும் கண்ணீர் வரவில்லை. தாய் தண்ணீர்க் கோப்பையை எடுத்தாள். பாட்டி அதைப் பறித்தாள். "தண்ணி குடுத்தால் இன்னும் போகும், தங்கச்சி. வயித்தைக் காயப்போடு" என்றாள். என் பாட்டியாரின் குரலே அது. இடம்பெயர்ந்து வந்திருந்த தாதியொருத்தி அருகில் வந்து, "வாடுற பயிருக்குத் தண்ணியை நிப்பாட்டுவியளோ, அம்மா?" என்று மட்டும் கேட்டாள். பாட்டி பேசவில்லை, கோப்பையைத் திருப்பிக் கொடுத்தாள்.

தாதி என்னைப் பார்த்து உப்பும் சீனியும் கரைக்கும்படி கூறினாள். நான் கலைப் பட்டதாரி. உப்புத்தானே நல்லது என்று எண்ணிக் குவித்து ஒரு கரண்டி இட்டுக் கரைத்தேன். அவள் ஒரு துளியை நாவில் வைத்துப் பார்த்து, முழுவதையும் நிலத்தில் ஊற்றிவிட்டாள். "சேர், கண்ணீரை விட உப்புக் கூடினால் பிள்ளைக்கு ஆபத்து" என்றாள். பின்னர் தானே அளந்து கரைத்தாள். தாயும் பாட்டியும் மாறி மாறி, விடியும்வரை கரண்டி கரண்டியாக ஊட்டினார்கள். விடியற்காலையில் குழந்தை சிறுநீர் கழித்தது. அதைக் கண்டு அந்தப் பாட்டி கைகூப்பியதை இன்றும் என் கண்முன் காண்கின்றேன். நான் ஊற்றவிருந்த கோப்பையையும் மறக்கவில்லை. அன்பு மட்டும் போதாது. அளவும் தெரிதல் வேண்டும்.

ஆகவே, எழுதுகோல் எடுத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். கொதித்து ஆறிய நீர் 1 லீற்றர். மட்டமாக நிரவிய தேக்கரண்டியால் சீனி 6 கரண்டி. அதே கரண்டியால் உப்பு அரைக் கரண்டி. நன்கு கரைத்துச் சுவைத்துப் பாருங்கள். கண்ணீரை விட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டு மீண்டும் செய்யுங்கள். மருந்துக் கடையில் 'ஜீவனி' என்னும் பொதி கிடைத்தால் அதுவே மேலானது. பொட்டாசியம் முதலிய உப்புகளும் அதில் அளவாக உண்டு. பொதி முழுவதையும், அதில் எழுதியுள்ள அளவு நீரிற் கரைத்தல் வேண்டும். பாதிப் பொதியைக் கண்மட்டத்திற் கரைப்பது தவறு. கரைத்ததை 24 மணித்தியாலத்தின் பின் வைத்திருத்தல் ஆகாது.

ஒவ்வொரு முறை வயிறு போன பின்னரும், இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லிலீற்றரும், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லிலீற்றரும் கொடுக்கலாம். பெரியவர் வேண்டுமட்டும் பருகலாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டியால் மெல்ல மெல்லக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. உணவையும் நிறுத்த வேண்டா. பாட்டியார் இரண்டாம் நாள் வைத்துத் தந்த உப்புக் கஞ்சியை இவ்விடத்தில் நன்றியோடு நினைக்கின்றேன். அரிசி மாவைக் கொண்டு செய்த கரைசலும் கொலராவில் நன்கு பயன்படுவதை மஜீத் மொல்லா முதலியோர் டாக்காவிற் பின்னர் காட்டினர். அரிசியின் மாப்பொருளே குடலிற் குளுக்கோசாக மாறுகின்றது. பாட்டியாரின் மருந்து சரியே. ஒரு நாள் பிந்தி வந்ததே பிழை. கடைகளில் விற்கும் இனிப்பு மிகுந்த வாயு பானங்கள் இதற்கு ஈடாகா. அவை ஓட்டத்தை மிகுவிக்கும். பிள்ளைகளுக்கு 10 முதல் 14 நாள் வரை நாகச் சத்து கொடுப்பது நோயின் கடுமையைக் குறைக்கும் என்பதால் அதையும் மருத்துவரிடம் கேட்டுப் பெறுங்கள். ஓட்டத்தைக் கட்டும் குளிகையையும், நுண்ணுயிர் கொல்லி மருந்தையும் நீங்களாகவே பிள்ளைக்குக் கொடாதீர்கள்.

வீட்டு வைத்தியத்துக்கு எல்லையும் உண்டு. மலத்தில் இரத்தம் காணப்படின், பிள்ளை குடிக்க மறுப்பின், சோர்ந்து மயங்கிக் கிடப்பின், கண் குழிவிழின், பல மணிநேரம் சிறுநீர் கழியாதிருப்பின், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் அது மெல்லவே மீளுமாயின், காலந்தாழ்த்தாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். வழியிலும் கரண்டியை நிறுத்தாதீர்கள். நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ளவர்கள் தொடக்கத்திலேயே மருத்துவரின் ஆலோசனையைப் பெறுதல் நன்று.

நோய் வந்தபின் மருந்து. வராமற் காப்பது கிணறு. குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக் கற்பாறை. மலக்குழியிலிருந்து கசியும் நீர் பாறை வெடிப்புகளினூடாகக் கிணற்றை எளிதில் அடைகின்றது. லண்டனிலே சினோ கண்டதும் இத்தகைய ஒன்றே. ஆகவே கிணற்றையும் மலக்குழியையும் தூரத்தில் வையுங்கள். குடிநீரைக் கொதிக்க வையுங்கள். சவர்க்காரமிட்டுக் கைகழுவும் பழக்கத்தைப் பிள்ளைக்கு ஊட்டுங்கள்.

சென்ற ஆண்டு எங்கள் பாடசாலைக்கு மூன்று நாள் வராத சிறுமியொருத்தியை வீட்டிற் சென்று பார்த்தேன். வயிற்றோட்டம். அவள் அருகே தண்ணீர் இல்லை. கேட்டபோது தாய் சொன்ன விடை, நான் என் பாட்டியாரிடம் கேட்ட அதே விடை. லாற்றா இறந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. உண்மை இன்னும் சில வீடுகளின் வாயிலிலே காத்து நிற்கின்றது. அன்று மாலை அவ்வீட்டின் அடுக்களையிலே கரண்டியை நிரவி அளந்து காட்டினேன். மறுவாரம் சென்று, தாயே கரைத்துக் காட்டும்படி கேட்டேன். அளவு சரியாக இருந்தது.

நேயர்களே, இப்பேச்சைக் கேட்ட ஒவ்வொருவரும் இன்னும் ஒரு வீட்டுக்கு இதைச் சொல்லுங்கள். சொல்வதோடு அமையாது, ஒரு வாரத்தின் பின் சென்று கேளுங்கள். அவர்கள் நினைவில் நின்றதே நாம் கற்பித்தது.